பழைய மைனருக்கு ஆர்பிஎம் மீட்டர்: எங்கே பூட்டுவது, எப்படிப் பூட்டுவது?

தலவாக்கலை_மைனர்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய ஸ்ரீ நம்பர் மொரிஸ் மைனர் 1000 இப்போது என் பொறுப்பில். 1098 சிசி இன்ஜின், பெட்டரியை சார்ஜ் செய்யும் டயனமோ, பொறிக்காக மின்சாரத்தை வெட்டிவிடும் பொயின்ட் எல்லாம் பழையபடியே இருக்கின்றன. இலங்கையில் வாகன இறக்குமதி 2025இல் திறந்துவிட்டது என்றாலும் புது வண்டியின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இருப்பதையே ஒழுங்காக வைத்துக்கொள்வோம் என்று வீட்டில் முடிவு.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு ஆர்பிஎம் மீட்டர் வாங்கினேன், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது. ஐந்து அங்குல முகம், 0 முதல் 8000 வரை. பின்னால் 4, 6, 8 என்று சிறிய சுவிட்ச். சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை என நான்கு வயர். கூடவே ஒரு கவ்வியும் திருகுகளும் வந்தன.

மைனரில் ஸ்பீடோ மீட்டர் டாஷ்போட்டின் நடுவில். ஸ்டியரிங்குக்கு நேர் பின்னால் இருப்பது சாமான் வைக்கும் பெட்டிதான். என் எண்ணம், மீட்டரை டாஷ் மேலே வலது மூலையில், கண்ணாடித் தூணை ஒட்டி வைப்பது. கண்ணுக்கு நேரே இருக்கும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும். ஆனால் தகட்டில் இரண்டு துளை போட வேண்டும். போட்ட துளையை மூட முடியாதே, அதனால்தான் முதலில் உங்களிடம் கேட்கிறேன்.

கொழுந்து_லொறி:

தம்பி, வலது மூலை வேண்டவே வேண்டாம்.

நீங்கள் வலதுபக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறீர்கள். றம்பொடையிலோ கினிகத்தேனையிலோ வலப்பக்கம் திரும்பும் கொண்டை வளைவு ஒன்றை நினைத்துப் பாருங்கள். எதிரே இறங்கும் பஸ் உங்களுக்கு எங்கே தெரியும்? முன் கண்ணாடியின் நடுவில் தெரியாது. வலது தூணுக்கும் பக்கக் கண்ணாடிக்கும் இடையில்தான் முதலில் தலை காட்டும். தூணே பாதியை மறைக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஐந்து அங்குலத் தட்டு ஒன்றை வைத்தால் ஒரு முழு பஸ்ஸே அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். மைனரின் முன் கண்ணாடி உயரமானதும் இல்லை.

கொழும்பில் ஓட்டுபவர் அங்கே வைக்கலாம். நம் பாதையில் அந்த மூலை கண்ணுக்குச் சொந்தம்.

காதால்_ஓட்டுபவன்:

மைனருக்கு எதற்கு ஆர்பிஎம் மீட்டர்? அந்த இன்ஜின் தானே பேசும். மூன்றாம் கியரில் முனகினால் இரண்டுக்குப் போ, இரண்டில் கத்தினால் மூன்றுக்குப் போ. தோட்டத்துத் துரைமார் காலத்திலிருந்து எல்லோரும் அப்படித்தான் ஓட்டினார்கள். டாஷில் ஒரு புது மீட்டரைக் குத்தி வைத்தால் வண்டியின் முகம்தான் கெடும்.

தலவாக்கலை_மைனர்:

@கொழுந்து_லொறி, அண்ணே, நான் நேர்ப் பாதையை மட்டும் நினைத்துக்கொண்டு இடம் பார்த்திருக்கிறேன். வலது மூலை இல்லை, சரி.

@காதால்_ஓட்டுபவன், உங்கள் காது உங்களுக்குச் சரி. தங்கச்சி இப்போதுதான் ஓட்டப் பழகுகிறாள். ஏறும்போது அவளுக்குச் சிரமம் இல்லை. நுவரெலியாவிலிருந்து கம்பளைப் பக்கம் இறங்கும்போதுதான் எந்த கியர், எவ்வளவு வேகம் என்று தெரியாமல் பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வருகிறாள். கீழே வந்து சேர்வதற்குள் ட்ரம் காய்ந்து வாசனை வருகிறது. அவளுக்கு ஒரு கணக்கு வேண்டும், அதற்குத்தான் மீட்டர்.

பெக்டரி_பிட்டர்:

அப்படிச் சொல்லுங்கள். மீட்டர் எதற்கு என்று தெரிந்தால் எங்கே வைப்பது என்பதும் தெரிந்துவிடும்.

மலையில் ஆர்பிஎம் மீட்டருக்கு ஏறும்போது பாதி வேலைதான். ஏறும்போது இன்ஜின் திணறினால் யாருக்கும் தெரியும். இறங்கும்போது நிலைமை வேறு. சக்கரம் இன்ஜினைச் சுழற்றுகிறது. காலை எக்ஸிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டோம், சத்தமும் வேறு மாதிரி இருக்கும், ஆனால் சுற்று ஏறிக்கொண்டே போகும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம். கம்பளைக்கு வந்து சேரும்போது 1300 மீட்டருக்கு மேல் இறங்கியிருப்போம். அவ்வளவு தூரமும் பிரேக்கை நம்புவது நல்லதல்ல. இன்ஜினை நம்ப வேண்டுமென்றால் அதற்கு எல்லை எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் 1098 இன்ஜின் முழுச் சக்தியும் கொடுப்பது 5100 சுற்றில், 48 குதிரை. இழுவை அதிகமாக இருப்பது 2500இல். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு கியரோடு சேர்த்துப் பாருங்கள். பின் அக்சில் பழையதே, 4.22 விகிதம் என்றால் டொப் கியரில் 30 மைல் வேகத்தில் 1850 சுற்றுக்குப் பக்கத்தில் வரும். அதே 30 மைல் மூன்றாம் கியரில் 2600. இரண்டில் 4000. ஆக றம்பொடையில் மூன்றாம் கியரில் 30 மைலில் ஏறினால் இன்ஜின் தன் நல்ல இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். செங்குத்தான இறக்கத்தில் இரண்டாம் கியரில் 25 மைல் என்றால் 3300, 3400 சுற்று. அது இன்ஜினுக்கு ஒன்றுமே இல்லை, பிரேக்குக்கோ பெரிய ஓய்வு. தங்கச்சிக்குச் சொல்ல வேண்டிய கணக்கு இதுதான்: இரண்டாம் கியர், ஊசி 4000க்குக் கீழே, ஏறப் பார்த்தால் பிரேக்கை ஒரு தரம் அழுத்தி விடு, அழுத்திக்கொண்டே இராதே.

இந்தக் கணக்கு இன்னொன்றுக்கும் உதவும். பூட்டி முடித்ததும் சமதரையில் டொப் கியரில் 30 மைலில் ஓட்டிப் பாருங்கள். ஊசி 900இல் நின்றால் பின் சுவிட்ச் 8இல் இருக்கிறது. 1200 என்றால் 6இல் இருக்கிறது. நான்கு சிலிண்டருக்கு ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி, எட்டுக்கு நான்கு. அதனால்தான் பாதியாகக் காட்டும்.

இனி இடம். ஒரு அட்டையை மீட்டரின் அளவுக்கு வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள். நினைத்த இடத்தில் டேப் போட்டு ஒட்டி, ஒரு வாரம் அதோடு ஓட்டுங்கள். தங்கச்சியும் ஓட்டட்டும், அவள் உயரம் வேறு. சீட்டில் உட்கார்ந்து பார்க்கும்போது மறைக்காதது வளைவில் மறைக்கும். ஸ்டியரிங் வட்டம் எங்கே குறுக்கே வருகிறது, சாவி, சோக் இவற்றை எடுக்கக் கை எங்கே போகிறது, எல்லாம் அந்த வாரத்திலேயே தெரிந்துவிடும். அட்டைக்குத் துளை தேவையில்லை.

நான் சொல்லும் இடம்: ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சாமான் பெட்டியின் திறப்பு. அதன் அளவுக்கு ஒரு ப்ளைவுட் பலகை வெட்டி, உள்ளிருந்து எல் வடிவத் தகடு வைத்து ஏற்கனவே இருக்கும் திருகுகளிலேயே பிடித்துவிடலாம். டாஷ் தகட்டில் ஒரு கீறல்கூட விழாது. நாளைக்கு வேண்டாம் என்றால் பலகையைக் கழற்றினால் போதும், அப்பாவின் வண்டி அப்படியே இருக்கும்.

ஐந்து அங்குலம் அதில் நுழையுமா என்று முதலில் அளந்து பாருங்கள். நுழைந்தாலும் ஸ்டியரிங் கம்பி அதைப் பாதி மறைக்கும். என்னைக் கேட்டால் 80 மில்லிமீட்டர் மீட்டர் தாராளம். 52 மில்லிமீட்டர் சின்னது, ஊசி துடிப்பது மட்டும்தான் தெரியும்.

ஹில்க்ளைம்_ரசிகன்:

பெரிய மீட்டர்தான் பார்க்க சுகம் என்று நான் நினைக்கிறேன். ஏப்ரல் சீசனில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்கு வரும் மினிகளைப் பாருங்கள், டாஷ் மேலே பெரிய மீட்டர், அதன் பக்கத்தில் கியர் மாற்றச் சொல்லி மின்னும் ஷிப்ட் லைட். ஒரு ஓரப் பார்வை போதும்.

கொழுந்து_லொறி:

அங்கே எதிரே கொழுந்து லொறி வராது தம்பி. பாதையை மூடிவிட்டு ஓட்டுகிறார்கள்.

ஹில்க்ளைம்_ரசிகன்:

அதுவும் சரிதான். ஆனால் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. மீட்டரை நேராக வைக்க மாட்டார்கள், இன்ஜினின் எல்லையைக் காட்டும் சிவப்புக் கோடு உச்சியில் வரும்படி திருப்பி வைப்பார்கள். எண்ணைப் படிக்கத் தேவையில்லை, ஊசி நிமிர்ந்தால் கியர் மாற்று.

பெக்டரி_பிட்டர்:

அதை ஏற்றுக்கொள்கிறேன். மைனரில் 0–8000 முகம் என்றால் ஊசி ஒருநாளும் வலது பாதியில் அதிகம் போகாது. 4000 உச்சியில் வரும்படி திருப்பிவிடுங்கள். பலகைத் துளையில் வட்ட மீட்டரை எப்படியும் திருப்பலாம். தங்கச்சிக்கு எண் வேண்டாம், ஊசி நிமிராமல் இருந்தால் சரி. 5000க்கு நேரே வளையத்தின் மேல் மெல்லிய சிவப்பு டேப் ஒட்டுங்கள். கண்ணாடியின் நடுவில் ஒட்டினால் உட்காரும் உயரத்தைப் பொறுத்து இடம் மாறித் தெரியும்.

வயரிங்_பண்டாரவளை:

இடம் பேசியாயிற்று. இனி நெருப்பு வைக்கும் விஷயத்துக்கு வருவோம். வண்டி பொசிட்டிவ் எர்த்தா, நெகட்டிவ் எர்த்தா? யாராவது கேட்டீர்களா?

டயனமோ மாறாத மைனர் என்றால் பெரும்பாலும் பொசிட்டிவ் எர்த். பெட்டரியின் பொசிட்டிவ் முனை பாடியில் பிடித்திருக்கும். இப்போது கடையில் வரும் மீட்டர் எல்லாம் நெகட்டிவ் எர்த்துக்குச் செய்தவை. கறுப்பு வயரைப் பாடியிலும் சிவப்பை இக்னிஷனிலும் கொடுத்தால் மீட்டருக்குள் மின்சாரம் தலைகீழாகப் போகும். அதோடு அதன் கதை முடியும். பொனட்டைத் திறந்து பெட்டரியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

தலவாக்கலை_மைனர்:

பார்த்தேன். பொசிட்டிவ்தான் பாடியில் இருக்கிறது. மீட்டரை மட்டும் பாடியில் படாமல் தனியாக வைக்க முடியாதா?

வயரிங்_பண்டாரவளை:

முடியும், கறுப்பை உயிர் வயரிலும் சிவப்பைப் பாடியிலும் கொடுத்து, மீட்டரின் உறை எங்கும் தகட்டில் படாமல் ரப்பர் வைத்துப் பிடிக்க வேண்டும். எல்லா மீட்டரும் அப்போது சிக்னலைச் சரியாகப் படிக்காது. லைட் வயரின் எர்த்தும் உள்ளே கறுப்போடு சேர்ந்திருந்தால் அது இன்னொரு சிக்கல். நான் செய்ய மாட்டேன். வண்டியையே நெகட்டிவுக்கு மாற்றிவிடுங்கள், ஒரு காலை நேர வேலை. பிறகு போன் சார்ஜர், எல்ஈடி எது வேண்டுமானாலும் பயமில்லாமல் பூட்டலாம்.

முதலில் பெட்டரி வயர் இரண்டையும் கழற்றுங்கள். பெட்டரியைத் திருப்பி வையுங்கள். பொசிட்டிவ் முனை கொஞ்சம் தடிப்பு, நெகட்டிவ் மெல்லியது, பழைய கிளிப்புகள் பொருந்தாது, புது கிளிப் இரண்டு வாங்கி வையுங்கள். அடுத்து பொறிக்கு மின்சாரத்தை ஏற்றித் தரும் கொயிலில் இரண்டு சின்ன வயரையும் ஒன்றுக்கொன்று மாற்றுங்கள். மாற்றாவிட்டாலும் இன்ஜின் ஓடும், ஆனால் பொறி பலவீனமாகும்.

பிறகுதான் டயனமோ. இதைப் பலர் மறந்துவிட்டு சார்ஜ் இல்லை என்று வருவார்கள். டயனமோவுக்குப் புதுத் திசையைப் பழக்க வேண்டும். பெட்டரியைப் புதுப்படி மாட்டிய பிறகு, டயனமோ சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்அவுட் பெட்டியில் எஃப் என்று போட்ட முனையின் வயரைக் கழற்றி, அந்த வயரின் நுனியால் ஏ முனையை இரண்டு மூன்று தரம் மெல்லத் தொட்டு எடுங்கள். சின்னப் பொறி வரும், அவ்வளவுதான். வயரைத் திரும்ப எஃப் முனையிலேயே மாட்டுங்கள். இதைக் கட்அவுட்டில் செய்யுங்கள், பெட்டரிக்குப் பக்கத்தில் பொறி விடாதீர்கள், அங்கே வாயு இருக்கும். இவ்வளவையும் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும் முன் முடித்துவிட வேண்டும். வண்டியில் பழைய ரேடியோ இருந்தால் அதையும் முன்பே கழற்றிவிடுங்கள்.

இனி மீட்டர். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் இடத்தில், நடுவில் சின்ன பியூஸ் வைத்து. கறுப்பு, பெயின்ட் சுரண்டிய தகட்டில். வெள்ளை, டாஷ் லைட் வயரில். பச்சை, கொயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையில். பழைய கொயிலில் முன்பு அது சிபி என்று போட்ட முனை, இரண்டு வயரையும் மாற்றிய பிறகு எஸ்டபிள்யூ என்று போட்ட முனை. கடைக்குக் கடை நிறம் மாறும், பெட்டியில் வந்த தாளையும் பாருங்கள்.

பச்சை வயரைப் பற்றி ஒரு சொல். அது எங்காவது உரசித் தோல் போய் பாடியில் தொட்டால் இன்ஜின் அந்த நிமிடமே நின்றுவிடும். பொயின்ட் எப்போதும் மூடியே இருப்பது போல ஆகிவிடும், பொறி வராது. மழையில் வளைவில் இன்ஜின் நின்று, கராஜில் பெட்ரோல் பம்ப் வரை கழற்றிப் பார்த்து, கடைசியில் மீட்டர் வயர் என்று கண்டுபிடித்த வண்டிகள் உண்டு. இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தீச்சுவர்த் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். வயருக்கு மேலே ஒரு குழாய்த் தோல். பிளக் வயர்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள், ஊசி ஆடும்.

காதால்_ஓட்டுபவன்:

பார்த்தீர்களா, ஒரு மீட்டருக்காக வண்டியின் மின்சாரத்தையே தலைகீழாக்க வேண்டியிருக்கிறது.

வயரிங்_பண்டாரவளை:

ஐயா, உங்கள் காதுக்கு வயர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைத் தங்கச்சிக்குக் கழற்றிக் கொடுக்க முடியாதே.

நானுஓயா_இரவு:

யாரும் சொல்லாத ஒன்று: இரவில் கண்ணாடியில் விழும் வெளிச்சம். டாஷ் மேலே மீட்டர் வைத்தால் அதன் முகம் முன் கண்ணாடியில் தெரியும். நானுஓயாவிலோ அம்பேவலையிலோ மூடுபனியில் ஓட்டும்போது எதிரே வெள்ளையாக ஒரு சுவர், அதற்கு நடுவே நீல நிறத்தில் ஒரு வட்டம். கண் அதிலேயே போய் நிற்கும். ஷிப்ட் லைட் இருந்தால் வயரை வெட்டிவிடுங்கள். பெட்டித் திறப்புக்குள் வைப்பதற்கு என் ஓட்டு இந்தக் காரணத்துக்காகவே.

இன்னொன்று, மலிவு மீட்டருக்குள் ஈரம் போகும். காலையில் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்து எண்ணே தெரியாது. டாஷ் மேலே முன் கண்ணாடியை ஒட்டி இருப்பதில் இது அதிகம், உள்ளே இருப்பதில் குறைவு.

ஸ்டியரிங் கொலத்தில் கவ்வி வைத்துப் பிடிப்பதை யாரும் பேசவில்லையே? நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பழைய டியூப் ரப்பரைச் சுற்றி, அதன் மேல் ஹோஸ் கிளிப். துளையும் இல்லை, பலகையும் இல்லை.

பெக்டரி_பிட்டர்:

கொலம் நல்ல இடம்தான், முகம் சின்னதாக இருந்தால். ஹோஸ் கிளிப்பை உள்ளே சுழலும் தண்டில் போடாமல், சுழலாத வெளிக் குழாயில் போட்டிருக்கிறீர்களா என்பதை மட்டும் பாருங்கள். இன்டிகேட்டர் தண்டிலும் இடிக்கக்கூடாது. மைனரில் முழங்காலுக்கும் கொலத்துக்கும் இடம் குறைவு, தங்கச்சி இறங்கி ஏறும்போது தட்டும். பலகைக்கே என் வாக்கு.

ராகலை_லேண்ட்ரோவர்:

இழைக்குள் நுழைந்துவிட்டேன், மன்னிக்கவும். எங்களிடம் சீரிஸ் டூ ஏ லேண்ட்ரோவர், 2286 சிசி டீசல், டயனமோ. டீசலில் கொயிலே இல்லை. பச்சை வயரை எங்கே கொடுப்பது?

வயரிங்_பண்டாரவளை:

எங்கேயும் இல்லை. ஓல்டர்நேட்டர் இருந்தால், எண்ணக்கூடிய துடிப்பு வரும் அதன் டபிள்யூ முனையில் எடுக்கலாம். டயனமோவிலிருந்து வருவது நேர் மின்சாரம், எண்ணுவதற்கு அதில் அலை இல்லை. இரண்டு வழி உண்டு. ஓல்டர்நேட்டருக்கு மாறுவது, அப்படியானால் மேலே சொன்ன எர்த் மாற்றமும் சேர்ந்துவிடும். அல்லது ப்ளைவீல் பல்லைப் பார்த்து எண்ணும் காந்த சென்சர் வைப்பது. அதற்குப் பெல் ஹவுசிங்கில் துளை போட்டு மரை வெட்ட வேண்டும், கையில் நல்ல லேத் வேலைக்காரர் இருந்தால் மட்டும்.

இடத்துக்கு உங்களுக்குக் கவலையில்லை. சீரிஸ் டூவில் மீட்டர்கள் நடுவில்தான், ஓட்டுபவருக்கு முன்னால் வெறும் தட்டு. சீரிஸ் த்ரீயில்தான் மீட்டர்கள் ஓட்டுபவர் பக்கம் வந்தன. அந்தத் தட்டின் விளிம்புக்குக் கீழே ஒரு தகட்டில் தொங்கவிடுங்கள், மேலே அல்ல.

தலவாக்கலை_மைனர்:

நிலவரம் சொல்கிறேன். அட்டை வட்டத்தோடு ஓட்டிப் பார்த்தோம். வலது மூலையில் ஒட்டியபோது சென் கிளையர் பார்வைத் தளத்தைத் தாண்டியதும் வந்த வளைவில் தங்கச்சி தானே அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டாள். கொலத்தில் முழங்கால் தட்டியது. பெட்டித் திறப்புக்கே வந்தோம். ஐந்து அங்குலத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்து 80 மில்லிமீட்டர் எடுத்தேன். கடைக்காரர் முகம் சுளித்தார், ஆனாலும் மாற்றித் தந்தார்.

எர்த் மாற்றியாயிற்று, டயனமோ சார்ஜ் விளக்கு ஒழுங்காக அணைகிறது. பலகையைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து வைத்தேன். 4000 உச்சியில். டொப் கியர் 30 மைலில் 1900 காட்டுகிறது. பிட்டர் ஐயா சொன்ன கணக்குக்கு 50 கூட, அது டயரா மீட்டரா?

பெக்டரி_பிட்டர்:

டயரால் இருக்காது, ஸ்பீடோவும் கியர்பொக்ஸிலிருந்துதான் சுழல்கிறது. ஆனால் பழைய ஸ்பீடோ துல்லியமானது அல்ல. விட்டுவிடுங்கள். மனசு கேட்காவிட்டால், பக்கத்துத் தோட்டத் தொழிற்சாலையில் விசிறி, உருளை வேகம் பார்க்கும் கைமீட்டர் இருக்கும். கிரேங்க் புல்லியில் மினுங்கும் டேப் ஒட்டி, கைமீட்டரை அதை நோக்கித் திருப்பினால் உண்மை எண் தெரியும். அங்குள்ள பிட்டரிடம் நல்லபடியாகக் கேளுங்கள், விசிறி பெல்ட் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள்.

வெலிமடை_டொல்பின்:

எனக்கும் பதில் சொல்லுங்கள். டொயோட்டா டொல்பின் வேன், 3எல் என்ற டீசல் இன்ஜின். ஓல்டர்நேட்டர் இருக்கிறது, ஆனால் டபிள்யூ முனை இல்லை. ஹக்கலைப் பக்கம் இறங்கும்போது இன்ஜின் அலறுகிறது. இன்ஜின் வேகம் எல்லை தாண்டாமல் பார்க்கும் கவர்னர் இருக்கிறதே, தானாகக் கட்டுப்படுத்தாதா?

வயரிங்_பண்டாரவளை:

கவர்னர் டீசலைத்தான் குறைக்கும். சக்கரம் இன்ஜினைச் சுழற்றினால் அதற்கு அது என்ன செய்யும்? டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின், பெல்ட் பழையதென்றால் அதை மாற்றிவிட்டுப் பிறகு மீட்டரைப் பற்றிப் பேசுவோம்.

ஓல்டர்நேட்டரைக் கழற்றித் திறந்து, ஸ்டேட்டரின் மூன்று முனைகளில் ஏதாவது ஒன்றில் ஒரு வயரைப் பற்றவைத்து வெளியே எடுக்கலாம். அதுதான் டபிள்யூ. டீசலுக்கென்று வரும், துடிப்பு எண்ணிக்கையைச் சரிசெய்யக்கூடிய மீட்டராக வாங்குங்கள், பெட்ரோல் மீட்டர் சரிவராது. 24 வோல்ட் லொறி மீட்டரையும் தவறி வாங்கிவிடாதீர்கள்.

கணக்கு இப்படி: ஓல்டர்நேட்டர் ரோட்டரில் 12 துருவம் என்றால் அது ஒரு சுற்று சுற்ற 6 துடிப்பு. கிரேங்க் புல்லி 150 மில்லிமீட்டர், ஓல்டர்நேட்டர் புல்லி 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். 150ஐ 70ஆல் வகுத்தால் 2.14. அதை 6ஆல் பெருக்கினால் இன்ஜினின் ஒரு சுற்றுக்கு 12.86 துடிப்பு. அந்த எண்ணை மீட்டரில் போடுங்கள். உங்கள் புல்லிகளை நீங்களே அளக்க வேண்டும், துருவத்தைத் திறக்கும்போது எண்ணுங்கள். பெல்ட் தளர்ந்து வழுக்கினால் மீட்டர் குறைத்துக் காட்டும். மழை நாளில் ஊசி திடீரென்று விழுந்தால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள்.

வேனில் இடம்? ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம், டாஷின் முன்முகத்தில், ரேடியோவுக்குப் பக்கம். வலது தூணில் வேண்டாம் என்று கொழுந்து லொறி அண்ணன் மேலே சொன்னது உங்களுக்கும் சேர்த்துத்தான்.